என் விரலும் தனபாலன் சாரின் குரலும்

காக் ரோஸின் மூக்குதான் முதலில் வந்தது. பிறகு மேலுதட்டு வியர்வை. பிறகு முக்காட்டில் குத்தியிருந்த வண்ணத்துப்பூச்சி ஊசி.

காலை ஆறே முக்கால். கூலிம் தொழிற்சாலை வாசலில் எங்கள் வரிசை நின்றது. என் வலது கையில் கட்டுக் கோப்பி. பிளாஸ்டிக் பையில் ஊற்றி, கழுத்தில் கயிறு கட்டி, உறிஞ்சுகுழல் செருகித் தருவார்களே, அது. அதனால் பாட்டுப்பெட்டி அன்றைக்கு இடது கைக்கு மாறியிருந்தது. பாட்டை மாற்றப் போய் வேறு எதையோ அமுக்கிவிட்டேன். பெருவிரல் அளவுத் திரையில் ஒரு மூக்கு அசைந்தது.

நிமிர்ந்தேன். எதிரே வாசல் காவலர் காக் ரோஸ், மலாயில் ரோஸ் அக்கா, அதே மூக்கோடு. குனிந்தேன். திரையிலும் அதே மூக்கு.

எட்டு மாதமாக அந்தப் பெட்டி என்னிடம் இருந்தது. பாட்டுப் பாடும், குரல் பதியும், அவ்வளவுதான் என்று நம்பியிருந்தேன். அதற்குள் கேமரா இருப்பது அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது. கொஞ்சமாவது மூளை உள்ளவள் அதை அப்படியே பைக்குள் போட்டிருப்பாள். நான் அதைப் பதிந்து, மறுபடி ஓடவிட்டு, பெட்டியைத் திருப்பி, காக் ரோஸின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"காக், தெங்கோக்! ஹிடுங் காக்!"

பாருங்கள், உங்கள் மூக்கு என்று மலாயில் கத்திக் காட்டிக்கொடுத்தது வேறு யாரும் இல்லை, நானேதான். அவர் ஒரு கணம் திரையைப் பார்த்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். அதற்குப் பிறகுதான் அவருக்கு உத்தியோகம் ஞாபகம் வந்தது.

"இனி கேமரா!" என்றார். இது கேமரா என்று மலாயில்.

எனக்குப் பின்னால் நின்ற எஸ்தர் அக்கா என் இடுப்பில் ஓர் இடி இடித்து, "அடி பாவி புஷ்பா, ஹாபிஸ்லா நீ," என்றாள். நான் தொலைந்தேன் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

மூன்றாம் பரிசு

போன வாரம் இந்தப் பத்தியில் என் தாய்மாமனின் பொய்ப்பல் தீமிதிக் குழியில் விழுந்ததை எழுதினேன். மாமா இப்போது என்னோடு பேசுவதில்லை. பல் இல்லாமல் அவர் பேசினாலும் எனக்குப் புரியாது என்பதால் நஷ்டம் பெரிதில்லை. இந்த வாரம் உறவுக்காரர்களைத் தொடுவதாக இல்லை. தொழிற்சாலையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கைப்பேசிகளில் இன்னும் பொத்தான்கள் இருந்த காலம் அது. தொழிற்சாலையின் குடும்ப தினத்தில் சீட்டு எடுத்தார்கள். முதல் பரிசு மோட்டார் சைக்கிள். இரண்டாம் பரிசு குளிர்சாதனப் பெட்டி. மூன்றாம் பரிசு என்று என் எண்ணைக் கூப்பிட்டபோது, அரிசி மூட்டையாக இருக்கும் என்று அப்பா கூடவே மேடைக்கு வந்துவிட்டார், தூக்குவதற்கு. கொடுத்ததோ ஒரு சீப்பு அளவுப் பெட்டி. கத்திரிப்பூ நிறம். ஒரு கையில் அடங்கும். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பெரிய கம்பெனி, குடுத்தது என்னா பாரு, சோப்பு," என்றார்.

லூனாஸ் டவுனில் ஒரு கடைக்காரர் அதில் இருநூறு பாட்டு ஏற்றிக் கொடுத்தார். ஆங்கிலத்தில் சின்னப் புத்தகம் ஒன்று கூடவே வந்தது. படிக்கவில்லை. எங்கள் வீட்டுத் தையல் இயந்திரத்தின் ஒரு கால் குட்டை, புத்தகம் சரியான தடிமனில் இருந்தது.

ஒருநாள் விளையாட்டாக அமுக்கிக்கொண்டே போனபோது சிவப்பாக ஒரு புள்ளி வந்தது, நேரம் ஓடியது. திரை முழுக்கக் கருஞ்சிவப்பு. மறுபடி அமுக்கினால் நின்றது. போட்டுப் பார்த்தால் அம்மா கோழிகளைத் திட்டியது அப்படியே கேட்டது. ஓகோ, குரல் பதியும் பெட்டி என்று புரிந்துகொண்டேன். அந்தக் கருஞ்சிவப்பை நான் அலங்காரம் என்று நினைத்தேன். அழகாகத்தான் இருந்தது, நடுவில் இருட்டு, ஓரத்தில் செம்பருத்தி நிறம்.

அது என் விரல். லென்ஸைப் பெட்டியின் பின்பக்கத்தில், கீழ் ஓரத்தில், மனுஷி பிடித்தால் விரல் எங்கே போகுமோ சரியாக அங்கே வைத்திருந்தார்கள். இதைச் செய்த அறிவாளிக்கு விரல்கள் உண்டா என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. எட்டு மாதம் என் விரலையே படம் எடுத்து, எட்டு மாதம் அதையே ரசித்திருக்கிறேன்.

சிவப்புப் பொட்டு

எங்கள் தொழிற்சாலையில் கேமரா என்றால் கத்தியைக் கொண்டுவருவது மாதிரி. நாங்கள் செய்தது நகம் அளவுத் தகடுகள். அவை எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாத பொருளின் இரகசியத்தைக் காப்பாற்றக் காலையும் மாலையும் எங்களைச் சோதித்தார்கள்.

வாசலில் காக் ரோஸ் ஒவ்வொரு கைப்பேசியையும் வாங்கி, அதன் கேமராவின் மேல் வட்டமாக ஒரு சிவப்பு ஒட்டுத்தாளை ஒட்டுவார். வெளியே போகும்போது அது கசங்காமல் இருக்க வேண்டும். ஓரம் பிய்ந்திருந்தால் கடிதம். கழன்றிருந்தால் விசாரணை. நெற்றியில் பொட்டு இல்லாமல் கூட வேலைக்குப் போகலாம், கைப்பேசிக்குப் பொட்டு இல்லாமல் போக முடியாது.

என் பாட்டுப்பெட்டிக்குப் பொட்டு வைக்கவில்லை. பாட்டுப்பெட்டியில் கேமரா இருக்கும் என்று காக் ரோஸும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. கம்பெனியே பரிசாகக் கொடுத்தது, கம்பெனியே உள்ளே விட்டது. நான் கேண்டீனில் உட்கார்ந்து எஸ்தர் அக்காவைப் பதிந்துகொண்டிருந்தேன்.

தைலக் குச்சி

எஸ்தர் அக்காவும் எங்கள் எஸ்டேட்தான். லூனாஸிலிருந்து உள்ளே மூன்று கல் செம்மண் சாலையில் போனால் எண்ணெய்ச் செம்பனை மரங்களுக்கு நடுவே எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷன். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். புருஷன் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனவர், போனவர்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டுக் குழுவில் பாடுவாள். திங்கள் முதல் சனி வரை எங்களுக்காக மற்றவர்களைப் போலப் பேசிக் காட்டுவாள்.

யாரையும் விடமாட்டாள். பாதிரியார் இருமிக்கொண்டே ஆசி வழங்குவது, எங்கள் கோயில் பூசாரி மைக்கில் வரவு வாசிப்பது, எஸ்டேட் எழுத்தர் கிராணியின் மனைவி மீன்காரனிடம் பேரம் பேசுவது எல்லாம் அவள் வாயில் வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்த ஆள் பக்கத்தில் நிற்பதாகத் தோன்றும்.

அவளுடைய தலைசிறந்த உருப்படி தனபாலன் சார். எங்கள் நிர்வாக மேலாளர், சுங்கை பட்டாணிக்காரர். பஸ், கேண்டீன், லீவு எல்லாம் அவர் கையில். எதைச் சொல்வதற்கு முன்பும் சட்டைப் பையிலிருந்து தைலக் குச்சியை எடுப்பார். மூக்கடைப்புக்கு உறிஞ்சுவார்களே, விரல் நீளத்தில், அது. இடது துவாரத்தில் ஒன்று, வலது துவாரத்தில் ஒன்று, மறுபடி இடதில் நீளமாக ஒன்று. அதற்குப் பிறகு "ஆக்சுவலி" என்பார். அந்த மூன்றாவது உறிஞ்சல் எவ்வளவு நீளமோ, வரப்போகும் செய்தி அவ்வளவு கெட்டது.

எஸ்தர் அக்கா பேனா மூடியை மூக்கில் வைத்து அதே மூன்று சத்தத்தையும் கொண்டுவருவாள். நாங்கள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். மாலையில் நான் பதிந்ததை அப்பாவுக்குப் போட்டுக் காட்டிவிட்டு அழிப்பேன். அப்பா தனபாலன் சாரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும், "இந்த மனுசனுக்கு ஆவி புடிக்கச் சொல்லு," என்று அக்கறையாகச் சொல்வார்.

பஸ்ஸும் சித்தியவான் லாரியும்

அந்த வாரம்தான் அறிவிப்பு ஒட்டினார்கள். அடுத்த மாதத்திலிருந்து தொழிற்சாலை பஸ் மூன்றாம் டிவிஷனுக்குள் வராது, லூனாஸ் டவுனோடு திரும்பிவிடும். எங்கள் டிவிஷனிலிருந்து அப்போது பதினொரு பெண்கள் ஏறிக்கொண்டிருந்தோம். பதினொரு பேருக்காக மூன்று கல் உள்ளே வருவது வீண் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

விடியும் முன் அந்தச் செம்பனை இருட்டில் யாரும் நடக்க முடியாது. காட்டுப்பன்றி இருக்கிறது. சாராயம் குடித்துவிட்டு விழுந்து கிடப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டில் பன்றி தேவலை, அது வம்பு பேசாது.

என் வீட்டில் கணக்கு இன்னும் எளிது. பஸ் இல்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் கல்யாணம். சித்தியவானில் ஒரு மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தார்கள். அவரைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்ட ஒரே தகவல், சொந்தமாக லாரி இருக்கிறது என்பது. படம் கேட்டேன். லாரியோடு எடுத்த படம் வந்தது. லாரிதான் தெளிவாக இருந்தது.

"பஸ் நின்னுச்சுன்னா, தை மாசம் வச்சிரலாம்," என்று அம்மா சொல்லிவிட்டாள்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பெரிய இலட்சியம் எல்லாம் இல்லை. சம்பளம் என் கையில் வந்தது, காலையில் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்கென்று ஓர் இடம் இருந்தது, பக்கத்தில் எஸ்தர் அக்கா இருந்தாள். இவ்வளவுதான், ஆனால் இதை ஒரு லாரிக்காக விட நான் தயாராக இல்லை.

அறிவிப்பு வந்த மறுநாள் கேண்டீனில் எல்லாருடைய முகமும் தொங்கிப் போயிருந்தது. யாரோ, "எக்கா, தனா சாரு நல்ல மூடுல இருந்தா என்னா சொல்வாரு, சொல்லிக் காட்டுங்களேன்," என்று கேட்டார்கள். எஸ்தர் அக்கா பேனா மூடியை எடுத்தாள். நான் வழக்கம்போல் தாமதமாகத்தான் பொத்தானை அமுக்கினேன்.

மூன்று உறிஞ்சல். மூன்றாவது மிகவும் குட்டையாக, நல்ல செய்திக்கு உரியதாக இருந்தது.

"ஆக்சுவலி, மூணாம் டிவிஷன் அம்மாமாருங்களா, நான் யோசிச்சேன். பஸ்ஸ நிப்பாட்ட மாட்டேன். யாரு சொன்னாலும் நிப்பாட்ட மாட்டேன். நான் இருக்கற வரைக்கும், பஸ் ஜாலான் தெருஸ்!"

பஸ் ஓடிக்கொண்டே இருக்கும் என்று அவள் மலாயில் முடித்ததும் கைதட்டல் கூரையைத் தூக்கியது. சிரிப்பு, விசில். கடைசியில் ஒருத்தி, "தேங்க்யூ சார்!" என்று கத்தினாள். அதோடு பதிவை நிறுத்தினேன். இரண்டு நாள் கழித்துத்தான் அந்தக் கட்டுக் கோப்பியோடு வாசலில் நின்று காக் ரோஸின் மூக்கை எடுத்தேன்.

பத்தடி உயர விரல்

விசாரணை மறுநாள் காலை பத்து மணிக்கு. குளிரூட்டிய அறை, நீளமான மேசை. ஒரு பக்கம் பொது மேலாளர் மேடம் ஓய், பினாங்குச் சீனர், தமிழ் ஒரு சொல் தெரியாது. பக்கத்தில் தனபாலன் சார். பக்கத்தில் பாதுகாப்பு அதிகாரி. இந்தப் பக்கம் நான் மட்டும்.

வாசலில் பறித்த பெட்டியில் இருப்பதை எல்லாம் சுவரில் போட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். நான் இயந்திரங்களைப் படம் எடுத்து யாருக்கோ விற்றுவிட்டேனோ என்று மேடத்துக்குப் பயம். எனக்கு வேறு பயம். மொத்தம் பதினொரு பதிவு. அழிக்க மனம் வராமல் வைத்திருந்த ஏழாவதில் எஸ்தர் அக்கா இருந்தாள். அவளுடைய குரல் வெளியே வந்தால் அவள் வேலை போகும், இரண்டு பிள்ளைகள் தெருவில் நிற்கும். அதற்குக் காரணம் நானாக இருப்பேன்.

முதல் பதிவு. சுவர் முழுக்கக் கருஞ்சிவப்பு.

"வாட் இஸ் திஸ்?" என்றார் மேடம்.

பாதுகாப்பு அதிகாரி எழுந்து போய் சுவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். சதையில் ரேகைகள் ஓடின. "ஃபிங்கர் மேடம்," என்றார். பத்தடி உயரத்துக்கு என் விரல் நின்றது. பின்னணியில் அம்மா கோழிகளைத் திட்டினாள். அம்மா பயன்படுத்திய சொற்களைக் கேட்டுத் தனபாலன் சார் காகிதத்தில் ஏதோ எழுதுவது போலக் குனிந்துகொண்டார்.

இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் விரல். அப்பா குளிக்கும்போது பாடியது. நான் ஏப்பம் விட்டது. ஐந்து, ஆறு. மேடத்தின் முகத்தில் பயம் போய் அலுப்பு வந்துவிட்டது. போதும் என்று சொல்லிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

ஏழாவது.

விரல். மூன்று உறிஞ்சல். "ஆக்சுவலி..."

தனபாலன் சாரின் பேனா நின்றது. அந்தக் குரல் மூன்றாம் டிவிஷனுக்கு வாக்குக் கொடுத்து, பஸ் ஜாலான் தெருஸ் என்று முடித்தது. கைதட்டல், விசில், தேங்க்யூ சார்.

மேடத்துக்குத் தமிழ் புரியாது. ஆனால் மூன்று உறிஞ்சலும் புரிந்தது, ஆக்சுவலியும் புரிந்தது, கடைசி மலாயும் புரிந்தது. பஸ் கிடைத்த சந்தோஷத்தில் பெண்கள் கை தட்டியதாக அவர் எடுத்துக்கொண்டார். மெல்லத் திரும்பி, நீங்கள் இவர்களுக்கு வாக்குக் கொடுத்தீர்களா, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தனபாலன் சார் மறுபடி போடச் சொன்னார். போட்டார்கள். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"இது எங்க எடுத்தது?"

"கேண்டீன்ல சார்."

"நானா பேசனேன்?"

"சார் குரல் மாதிரிதான் இருக்கு சார்."

நான் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. பத்திரிகை படிக்கும் பாதிரியார்கள் யாராவது வேண்டுமானால் தீர்ப்புச் சொல்லட்டும்.

அவர் யோசித்தார். அந்த நேரத்தில் அவர் சும்மா இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் யோசிக்கும்போது அவர் கை சட்டைப் பைக்குப் போவது இருபது வருடப் பழக்கம். குச்சி வந்தது. இடது, வலது, இடது. பின்பு மேடத்தைப் பார்த்து, "ஆக்சுவலி..." என்று ஆரம்பித்தார்.

சுவரில் கேட்ட சத்தமும் அறையில் கேட்ட சத்தமும் ஒன்றுதான். பாதுகாப்பு அதிகாரி இருமுவது போலச் சிரிப்பை மறைத்தார். மேடம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இந்தப் பதிவை எடுத்துக்கொண்டு பெண்கள் தொழிலாளர் இலாகாவுக்குப் போனால் யார் பதில் சொல்வது, சொன்னதைச் செய்துவிடுங்கள் என்று சொல்லி எழுந்துவிட்டார்.

பஸ் நின்றுவிடவில்லை. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும், பெட்டியின் முதுகில் நிரந்தரமாக ஒரு சிவப்புப் பொட்டும் கிடைத்தன. சித்தியவான் லாரி ஈப்போவில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டது.

அவர் ஏன் மறுக்கவில்லை

இதைப் பற்றி நாங்கள் பதினொரு பேரும் பதினொரு விதமாகப் பேசினோம். ஒருத்தி, அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது, கேண்டீனில் அன்றாடம் அவ்வளவு வாக்குக் கொடுப்பவர், எதைக் கொடுத்தோம் என்று எப்படித் தெரியும் என்றாள். இன்னொருத்தி, பெண்பிள்ளை ஒருத்தி தன்னைப் போல மூக்கை உறிஞ்சிக் காட்டினாள் என்று மேடத்திடம் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை என்றாள். என் கட்சி இரண்டாவது.

அன்று மாலை பஸ்ஸில் நான் எஸ்தர் அக்காவிடம் நடந்ததை ஓட்டமாகச் சொன்னேன். கட்டிப்பிடித்துக் கொஞ்சுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

"அப்ப இனிமே நான் அந்தக் குரல்ல பேசக் கூடாது."

"ஏன்க்கா?"

"யார் காதுலயாச்சும் விழுந்தா அன்னிக்கே பஸ் போச்சு. ஒனக்கு வெளங்கலையா? அந்தாளு குரலு இப்ப அந்தாளோடதுதான். என்னோடது இல்ல."

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவள் எதிர்ப்பக்க ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டாள். என்னைப் பார்க்காமலே, "லென்ஸ மூடுன ஒன் வெரலு என் வாயையும் மூடிருச்சு புஷ்பா," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பாதிரியாரைக்கூடச் செய்யவில்லை. ஒன்றைச் செய்தால் அடுத்தது தானாக வந்துவிடும், கேட்பார்கள், வாய் சும்மா இருக்காது என்றாள். பஸ் தினமும் வந்தது. ஆனால் அதில் சிரிப்பு இல்லை. செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு போனோம், பார்த்துக்கொண்டு வந்தோம். எங்கள் பஸ்ஸைக் காப்பாற்ற நாங்கள் கொடுத்தது அவளை. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் அந்த ஜன்னல் ஓர இடத்தில் ஐந்தாறு வருடம் சுகமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

பிரியாணிப் பொட்டலம்

தனபாலன் சார் ஓய்வு பெற்ற நாள் வந்தது. மதியம் கேண்டீனில் பிரிவு உபசாரம். ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம், பழச்சாறு, ஒரு கேக். மேடம் ஓய் ஒரு கடிகாரம் கொடுத்தார். புதிய மேலாளரும் வந்திருந்தார், இளைஞர், கையில் குறிப்பேடு. எங்களுக்கு அந்தக் குறிப்பேட்டின் மேல்தான் கண். நான் இருக்கற வரைக்கும் என்றுதானே அந்தக் குரல் சொல்லியிருந்தது. அவர் இன்றோடு இல்லை.

என் பையில் அந்தப் பாட்டுப்பெட்டி இருந்தது. அதற்குள் எல்லாரிடமும் நல்ல கைப்பேசிகள் வந்துவிட்டன, எல்லாவற்றுக்கும் பொட்டு. என் பெட்டியின் மின்கலம் எட்டு நிமிடம் தாங்கும், அவ்வளவுதான். ஏன் கொண்டுபோனேன் என்று கேட்டால், விடைபெறுபவருக்கு விடைபெறும் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிலாளர் சார்பில் யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்றார்கள். யாரும் எழவில்லை. பிறகு நாற்காலி ஒன்று தரையில் உரசியது. எஸ்தர் அக்கா நடந்து போனாள். மைக்கைப் பிடித்தாள். தலையில் நரை விழுந்திருந்தது, அன்றைக்குத்தான் கவனித்தேன்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றினாள்.

"வேணாங்க்கா," என்று நான் வாய்க்குள் சொன்னேன்.

இடது. வலது. இடது.

"ஆக்சுவலி," என்றாள் எஸ்தர் அக்கா, தனபாலன் சாரின் குரலில். "இந்தக் கம்பெனில நான் இருபத்தஞ்சு வருசம். லீவு கேட்டவங்களுக்கு லீவு குடுக்கல. கேண்டீன் கோழி சின்னதா இருக்குன்னு சொன்னவங்களுக்கு, கோழி வளரும்னு சொன்னேன். கழிவறைக் கதவு தாப்பாளப் போடறேன்னு சொன்னேன், தாப்பாளுக்கே வயசாயிருச்சு. ஆனா ஒண்ணு சொன்னேன். அத மட்டும் செஞ்சேன்."

அவள் நிறுத்தினாள். முன்வரிசையில் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மேடம் ஓய் ஒரு முறை மைக்கைப் பார்த்தார், ஒரு முறை அவரைப் பார்த்தார். மொழி தெரியாவிட்டாலும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"மூணாம் டிவிஷன் பொம்பளைங்க சார்பா," என்று தன் சொந்தக் குரலுக்கு மாறினாள் அக்கா. "அது நான் பேசனது சார். மன்னிச்சிருங்க. நீங்க போறீங்க, இனிமே பொய்யி வேணாம். பஸ் போனா போவட்டும்."

நான் அப்போதுதான் பெட்டியை வெளியே எடுத்தேன். நகத்தால் சிவப்புப் பொட்டைப் பிய்த்தேன். வருடக்கணக்கில் ஒட்டியிருந்தது, சுலபமாக வரவில்லை. நிமிர்ந்தால் கதவருகே காக் ரோஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தார், நான் பார்த்தேன். அவர் குனிந்து தன் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தார்.

தனபாலன் சார் எழுந்து மைக்குக்குப் போனார். எஸ்தர் அக்காவின் கையிலிருந்த பேனா மூடியை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் தைலக் குச்சியை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"ரெண்டு நாள் தூங்கல, யாருன்னு கண்டுபிடிக்க," என்றார். "மூணாவது நாளு விட்டுட்டேன். நீ செஞ்ச தனபாலன் என்னவிட நல்ல ஆளா இருந்தான்மா."

யாரோ சிரித்தார்கள். யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அவர் புதிய மேலாளரின் பக்கம் திரும்பினார், குறிப்பேட்டில் எழுதுமாறு விரலால் காட்டினார். குச்சி இல்லாததால் வெறும் மூக்கை மூன்று முறை உறிஞ்சினார். மூன்றாவது மிகவும் குட்டை. பிறகு எஸ்தர் அக்கா எப்படிச் சொல்வாளோ அதே இழுவையில் சொன்னார்.

"பஸ் ஜாலான் தெருஸ்."

அந்தப் பதிவு இன்றும் என்னிடம் இருக்கிறது. பன்னிரண்டாவது. விரலைத் தள்ளிப் பிடித்திருந்தேன். அவர் வாய் அசைவது தெளிவாகத் தெரிகிறது.